தரைக்கு ஒரு விரல் கீழே

பிப்ரவரி 3

முகம் தெரியாத அன்பருக்கு,

முதியோர் நல மையம் நடத்தும் மடல் துணைத் திட்டத்தில் என்னை உங்களுக்குத் துணையாகப் போட்டிருக்கிறார்கள். தனியாக இருக்கும் மூத்தவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், தைரியம் சொல்ல வேண்டும், உடம்பைக் கவனித்துக்கொள்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். பெயரும் முகவரியும் எழுதக் கூடாது, நேரில் சந்திக்கவும் கூடாது என்பது விதி. மையத்து நர்ஸே கடிதத்தை வாங்கிப்போய் உங்களிடம் சேர்த்துவிடுவார். நான் நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தட்டச்சர் என்றே என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுகிறேன். தினமும் நடக்கிறீர்களா? தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கிறீர்களா? மாத்திரையை நினைவு வந்தபோது போடுகிறீர்களா, நேரத்துக்குப் போடுகிறீர்களா? குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடி வழுக்குமானால் இன்றே தூக்கி எறியுங்கள். பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டாதீர்கள்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். அதன் கூரைமேல் மையத்தின் விளம்பரப் பலகை நிற்கிறது. ஒரு கிழவரும் கிழவியும் கைகோத்து நடக்கிறார்கள். வாய் கொள்ளாத சிரிப்பு. அந்த வயதில் அத்தனை பல் யாருக்கு இருக்கிறது என்று தெரியவில்லை. போகட்டும், சொல்ல வந்த விஷயம் நல்ல விஷயம். சோர்ந்து உட்காராதீர்கள். தனியாக இருக்கிறோம் என்று வெட்கப்படவும் வேண்டாம். உங்களுக்கு எழுத நான் இருக்கிறேன்.

தட்டச்சர்


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. துணை நான். தனியாக இருப்பது நீங்கள். நர்ஸ் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு அம்மா இருக்காங்க, நல்லாப் படிச்சவங்க, பேச்சுத் துணைக்கு ஆளில்ல. நீங்க நாலு வரி எழுதிப் போட்டா அவங்களுக்குத் தெம்பா இருக்கும்." சரி, போகிற காலத்தில் ஒரு நல்ல காரியம் என்று நானும் தலையாட்டினேன். கடிதம் எழுதி உறையில் போடப்போகும் நேரத்தில் உங்களுடையது வந்து நிற்கிறது. நான் கேட்க வைத்திருந்த கேள்வியையெல்லாம் நீங்கள் என்னையே கேட்டிருக்கிறீர்கள்.

வயதானால் இந்த மாதிரிக் குழப்பம் வருவது சகஜம். அதற்காக மனதை விட்டுவிடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லிஃப்ட் பழுது பார்த்தவன். இந்த ஊரின் பாதிக் கட்டடங்கள் என் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. மனைவி தவறிச் சில வருஷம் ஆகிறது. மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், கைக்குழந்தைக்காரி. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே என்னை விடுங்கள், உங்கள் கதைக்கு வருவோம். நடக்கிறீர்களா? மிதியடியை எறிந்தாயிற்றா?

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 19

லிஃப்ட்காரருக்கு,

நான் உங்களுக்கு அம்மா இல்லை. உங்கள் எழுத்தைப் பார்த்தால் நீங்கள்தான் என்னைவிடப் பெரியவர் போல் தெரிகிறது. மேடம் என்றும் கூப்பிட வேண்டாம், நீதிமன்றத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வேறு ஏதாவது யோசியுங்கள்.

எனக்குக் குழப்பமும் இல்லை. ஒரே மூச்சில் பேசும் வக்கீல்களை ஒரு சொல் பிசகாமல் அடித்துத் தள்ளியவள் நான். நர்ஸ் வந்தபோது, "இவர் என்னைப் போய் ஆளில்லாதவள்னு எழுதியிருக்காரே, இது என்ன கூத்து?" என்று கேட்டேன். "ரெண்டு பேருமே நல்லா எழுதுறீங்க, அப்படியே எழுதிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை என் கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். பட்டை இறுகும்போது யாரால் சண்டை போட முடியும்? எனக்கு இப்போது உங்கள்மேல் கோபமா நர்ஸ்மேல் கோபமா என்றே தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரிகிறது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரிமேல் அடுத்த வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'குறையும் இல்லை' என்று எழுதிய இடத்தில் 'குறை' மட்டும்தான் தெரிகிறது, மீதி தாளைத் தாண்டி மேசைமேல் போய்விட்டது. ஆயுள் முழுக்க வரிகளைப் பார்த்தே வயிறு வளர்த்தவளிடம் மறைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு என்ன?

தட்டச்சர்


மார்ச் 1

அம்மா என்று போடக் கூடாதவருக்கு,

கண்ணுக்கு ஒன்றும் இல்லை. புரைதான். இரண்டு கண்ணிலும் முற்றிவிட்டதாம், வலது கண் முதலில் என்றார்கள். உங்கள் கடிதத்தை நல்ல வெயிலில் பால்கனிக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்து, எழுத்து எழுத்தாகப் பொறுக்கிப் படிக்கிறேன். சிரிப்பதற்குள் வெயில் நகர்ந்துவிடுகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். காலையில் போனால் மாலையில் வீடு. ஆனால் கூட ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட்டு, முடியும்வரை இருந்து, கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். மகளிடம் சொன்னால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வருவாள். அதனால் சொல்லவில்லை. தேதி வந்தது, போய்விட்டது. இதை நர்ஸிடம் போட்டுக்கொடுத்தால் இத்துடன் எழுத்தை நிறுத்திவிடுவேன்.

இப்போது என் முறை. உங்கள் இரண்டு கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஜன்னல் இருக்கிறது, நர்ஸ் வருகிறார், எதிரே பலகை நிற்கிறது. நீங்கள் போன இடம் என்று ஒன்று இல்லை. கடை இல்லை, தெரு இல்லை, மழையில் நனைந்த செருப்பு இல்லை. என்னை நட நட என்று விரட்டுகிறவர் கடைசியாக எப்போது நடந்தார்? ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு என்ன நிறம்?

லிஃப்ட்காரன்


மார்ச் 9

லிஃப்ட்காரருக்கு,

எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். தாள் வீணாகிறது. பரவாயில்லை.

பெஞ்சு கூரைக்கு அடியில் இருக்கிறது, இங்கிருந்து தெரியாது. நான் மூன்றாம் மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்ட் பல மாதமாக ஓடவில்லை. படி செங்குத்து. அதனால் கீழே போவதில்லை. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. என் மகன் பக்கத்து ஊரிலிருந்து வேண்டியதெல்லாம் அனுப்பிவிடுகிறான். வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன், கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு. நடை நடைதானே.

இந்தக் கடிதம் எழுதும்போதுகூட மனது ஒரு நிலையில் இல்லை. கதவுக்கு வெளியே நடைவழியில் அந்த மணி 'டிங்' என்று அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போடுகிறது, பேனா இழுத்துவிடுகிறது. மேலே இருக்கும் கோடு அதனால் வந்தது. உங்களைப் போல் வரிமேல் வரி ஏற்றவில்லை.

ஆபரேஷனுக்கு மறுபடி தேதி கேளுங்கள். மகளிடம் சொல்லுங்கள்.

தட்டச்சர்


மார்ச் 16

தட்டச்சருக்கு,

ஓடாத லிஃப்ட்டுக்கு மணி அடிக்காது.

கதவு திறக்கிறது, ஆள் வெளியே வா என்று சொல்லத்தான் அந்த 'டிங்'. நீங்கள் கடிதம் எழுதி முடிப்பதற்குள் அது பல முறை அடித்திருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் லிஃப்ட் ஓடவில்லை என்று சொல்லுங்கள், என்னிடம் சொல்லாதீர்கள். என் காதில் பூ வைக்க அந்த ஒரு பொய்தானா கிடைத்தது?

கோபம் வேண்டாம். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நர்ஸை மடக்கிவிட்டேன். மாத்திரை டப்பாவைக் காட்டும் சாக்கில் உட்காரவைத்து, "யார் யாருக்குத் துணைன்னு சொல்லாம இங்கேர்ந்து நகர முடியாது" என்றேன். அவர் சொன்னது இது:

"தனியா இருக்கேன், எனக்கு ஒரு ஆள் வேணும்னு சேர்றதுக்கு வீடு வீடா ஏறி இறங்கினேன். ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல. எனக்கென்ன, நான் ஜோரா இருக்கேன், பக்கத்து வீட்ல கேளுங்கன்னாங்க. அப்புறம் மாத்திக் கேட்டேன். பாவம் ஒருத்தர் தனியா இருக்கார், நீங்க கொஞ்சம் உதவுங்களேன்னு. எல்லாரும் சரின்னுட்டாங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. மையத்தில் இருக்கும் அத்தனை பேரும் துணை. துணை தேவைப்படுகிறவர் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் நானும் நீங்களும் இத்தனை நாள் யாருக்கு எழுதினோம்?

உண்மையைச் சொல்லுங்கள். லிஃப்ட் உங்களை என்ன செய்தது?

லிஃப்ட்காரன்


மார்ச் 25

லிஃப்ட்காரருக்கு,

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் விழுந்தேன். கடைக்குப் போக லிஃப்ட்டில் இறங்கினேன். அன்று உள்ளே நல்ல கூட்டம், வாசலை ஒட்டி நான். கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. காலை எடுத்து வெளியே வைத்தேன், தரை என் காலில் இடித்தது. தரை இருக்க வேண்டிய இடத்தைவிட உயரமாக இருந்தது. அவ்வளவுதான் நினைவு. மணிக்கட்டில் கட்டு, இடுப்பில் வீக்கம்.

லிஃப்ட் தரைக்குக் கீழே நின்றது என்று சொன்னேன். காவலாளி என் மகனைக் கூட்டிப்போய், லிஃப்ட்டை மேலே அனுப்பிக் கீழே வரவழைத்துக் காட்டியிருக்கிறார். கோடு போட்டதுபோல் சமமாக நின்றதாம். மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, லிஃப்ட் சரியாத்தான் நிக்குது. உனக்கு அப்படித் தோணியிருக்கு. வயசாச்சுல்ல" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அடுத்த முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டான். அவன் வீட்டில் எனக்கு ஒரு அறை தயாராக இருக்கிறது. அந்த அறையின் ஜன்னல்கூடத் தெருவைப் பார்க்காது.

என் பயம் விழுவதில் இல்லை. அவர்கள் சொன்னது உண்மையாக இருந்தால்? சமமான தரை எனக்கு உயரமாகத் தெரிந்தது என்றால் என் காலை நான் எப்படி நம்புவது? காலை நம்ப முடியாவிட்டால் கண்ணை, காதை, நினைவை? தரை இடித்ததா, நான் தடுக்கினேனா? யோசிக்க யோசிக்க இரண்டுமே நடந்ததுபோல் இருக்கிறது. அதனால்தான் கீழே போவதை நிறுத்தினேன். லிஃப்ட் ஓடவில்லை என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

இதை நர்ஸிடம்கூடச் சொன்னதில்லை.

தட்டச்சர்


ஏப்ரல் 2

தட்டச்சருக்கு,

நீங்கள் சொல்வதை நம்புகிறேன் என்று எழுதிவிடலாம். அது ஆறுதலுக்குச் சொன்னதாகிவிடும். லிஃப்ட் தரைக்குக் கீழே நிற்பது உண்டு. எங்கள் தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை, அதற்காக என்னிடம் திட்டு வாங்கிய பையன்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் எதிர்த் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் உங்கள் லிஃப்ட் அப்படி நின்றதா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். எனக்கு இப்போது படிக்கட்டுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. உங்கள் லிஃப்ட் முழம் கீழே நின்றால்கூட நான் சமம் என்று சொல்லிவிட்டு விழுவேன்.

ஆகவே எனக்குக் கண் வேண்டும். உங்களுக்காகத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் கௌரவமாக இருக்கும். வெட்கத்தை விட்டு மறுபடி தேதி வாங்கிவிட்டேன். இந்த மாதம் பதினாறு. கூட ஒரு ஆள் வேண்டும்.

நீங்கள் வருவீர்களா? லிஃப்ட் வேண்டாம். படியில் இறங்குங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. மையத்தில் வண்டி இருக்கிறது, நர்ஸிடம் பேசிவிட்டேன். சந்திக்கக் கூடாது என்பது விதியல்லவா என்று கேட்டேன். "எனக்கு அந்த விதி ஞாபகம் இல்லையே" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நீலக் குடையோடு நிற்பேன். மழை இல்லாவிட்டாலும் விரித்தே வைத்திருப்பேன்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 17

தட்டச்சருக்கு,

நீங்கள் வரவில்லை.

வெயிலில் குடையை விரித்துக்கொண்டு நின்றவனை எத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அதற்குத்தான் கண் இல்லையே. உள்ளே இருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். துணை எங்கே என்றார்கள். இதோ வந்துவிடுவார் என்றேன். அப்புறம் மறுபடி கேட்டார்கள். அப்புறம் என் இடத்தில் வேறு ஒருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. இறங்க முடிந்திருக்காது. கேட்டது என் தப்பு. எழுதி வாங்கிக்கொண்டதுபோல் நம்பினேன் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 20

லிஃப்ட்காரருக்கு,

வந்தேன். உங்கள் கண்முன்னால்தான் போனேன்.

மூன்று மாடியும் படியில் இறங்கினேன். கைப்பிடியை விட மனம் வராமல் கடைசிப் படியில் சிறிது நேரம் அப்படியே நின்றேன். நர்ஸ் ஊன்றுகோல் ஒன்றைக் கையில் திணித்து, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, இறங்கினேன், நீலக் குடையும் தெரிந்தது. அதற்குள் ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியோடு ஓடி வந்து, "உக்காருங்க பாட்டி" என்று உட்காரவைத்துவிட்டார். "நான் நோயாளி இல்லப்பா, துணைக்கு வந்தவ" என்றேன். "எல்லாப் பாட்டியும் இதைத்தான் சொல்லுவாங்க. இடுப்பா, முட்டியா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார். உங்களைக் கடக்கும்போது கையை ஆட்டினேன், 'ஏங்க, ஏங்க' என்று கூப்பிட்டேன். நீங்கள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்து நின்றீர்கள். உங்களுக்குக் கண்தான் தெரியாது என்று நினைத்திருந்தேன். காதுமா?

எலும்புப் பிரிவில் வரிசை. படம் எடுத்தார்கள். நான் ஏதாவது சொன்னால், "சரிங்க பாட்டி, சரிங்க பாட்டி" என்றார்கள். சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வெளியே வந்தபோது குடையும் இல்லை, நீங்களும் இல்லை.

ஒரு விஷயம். எலும்பு டாக்டர் என்னை நிற்கவைத்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, கண்ணை மூடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். "கால் நல்லா உறுதியா இருக்கே. உங்களை யார் வீட்ல உக்காரச் சொன்னது?" என்று கேட்டார். கால் சரி என்றால் அன்று என்னதான் நடந்தது? முன்னைவிட இப்போதுதான் அதிகமாகக் குழம்பியிருக்கிறேன்.

இன்னொரு தேதி வாங்குங்கள். நான் வரவில்லை என்று நீங்கள் எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

தட்டச்சர்


ஏப்ரல் 27

தட்டச்சருக்கு,

காதுக்கு ஒன்றும் இல்லை. யாரோ ஒரு பாட்டி ஊழியரோடு சண்டை போட்டுக்கொண்டு போவது நன்றாகவே கேட்டது. பாவம், வீட்டில் யாரும் கவனிப்பதில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். அது நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் தட்டச்சர் நிமிர்ந்து நடந்து வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் உயரத்துக்கு நான் பார்க்கவே இல்லை.

மன்னித்துவிடுங்கள். மே ஏழு என்றிருக்கிறார்கள். இந்த முறை இருவரும் வண்டியிலேயே சேர்ந்து போகலாம். நாற்காலியோடு யாராவது ஓடி வந்தால் நான் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

லிஃப்ட்காரன்


மே 9

தம்பிக்கு,

ஆம், தம்பிதான். பதிவு செய்யும் இடத்தில் வயதைக் கேட்டார்களே, உங்களுக்கு அறுபத்தொன்பது, எனக்கு எழுபத்தொன்று. இத்தனை மாதமாக ஒரு சின்னப் பையனிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

உங்கள் கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது, இதை நர்ஸ் படித்துக் காட்டுவார். அவர் முன்னால் சொல்லக் கூடாதது ஒன்றும் இதில் இல்லை. அன்று மயக்கத்தில் இருந்தேன், நடந்ததெல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள், கண்ணில் மட்டும்தான் மருந்து போட்டார்கள். "இதுல யார் நோயாளி, யார் துணை?" என்று பதிவு மேசையில் இருந்த பெண் கேட்டாள். நீங்களும் நானும் ஒரே குரலில், "நான் துணை" என்றோம். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ கண்ணு யாருக்குத் தெரியல?" என்றாள். நான்தான் உங்கள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது. உறவு என்ன என்று கேட்டதற்கு நான் தெரிந்தவர் என்றேன், நீங்கள் அக்கா என்றீர்கள். அவள் எதை எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. குனியக் கூடாது. கசக்கவே கூடாது. நர்ஸிடம் எண் வாங்கி உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன், மறைத்ததற்காக என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, குழந்தையோடு கிளம்பிவிட்டாள். வந்த பிறகு உங்கள் பங்கு கிடைக்கும்.

நான் படியேறி வீடு வந்து சேர்ந்தேன். லிஃப்ட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தேன். அந்த 'டிங்' அடித்தது. தூக்கிவாரித்தான் போட்டது.

தட்டச்சர்


ஜூன் 14

அக்காவுக்கு,

வரிகள் நேராக இருக்கின்றனவா? பூதக்கண்ணாடியைப் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன். உங்கள் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். எனக்காகப் பெரிதாக எழுதிய எழுத்து ஒவ்வொன்றும் இப்போது என்னைப் பார்த்துச் சத்தம் போடுவதுபோல் இருக்கிறது.

குனியலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த மறுநாளே உங்கள் கட்டடத்துக்கு வந்தேன். முகவரியை நர்ஸ் மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் காவலாளி நல்ல மனிதர். "சமமா நிக்குது சார், பாருங்க" என்று லிஃப்ட்டை மேலே அனுப்பி வரவழைத்தார். சமமாகத்தான் நின்றது. கோடு போட்டதுபோல். என் மனது விட்டுப்போனது. பார்த்த கண்மேலேயே கோபம் வந்தது.

அப்புறம்தான் உங்கள் கடிதத்தில் இருந்த வரி நினைவுக்கு வந்தது. அன்று உள்ளே கூட்டம். காவலாளி காட்டியதெல்லாம் காலி லிஃப்ட். உடனே ஆள் பிடித்தேன். காவலாளி, இரண்டாம் மாடிக்காரர், அவர் மனைவி, காய்கறிப் பையோடு வந்த இரண்டு பெண்கள், பார்சல் கொண்டுவந்தவர். எதற்கு என்று கேட்டவர்களிடம் சுகாதாரத் துறைச் சோதனை என்று ஒரு போடு போட்டேன். எல்லாரையும் மேல்மாடிக்கு ஏற்றி அங்கிருந்து இறங்கச் சொன்னேன். நான் கீழே வாசலில் குனிந்து நின்றேன். 'டிங்' என்றது. கதவு திறந்தது.

தரைக்கு ஒரு விரல் கீழே நின்றது அக்கா. முழுசாக ஒரு விரல். என் கண்ணால் பார்த்தேன், விரலை வைத்தும் பார்த்தேன். முன்னால் வந்த பெண் கால் இடித்துத் தள்ளாடினாள், அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மறுபடி ஏற்றி இறக்கினேன், மறுபடியும் அதே விரல். பிரேக் தேய்ந்துவிட்டது. காலியாக இருந்தால் பிடித்து நிறுத்திவிடும். பாரத்தோடு இறங்கினால் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். காவலாளியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் விழுந்தது வயதால் இல்லை. உங்கள் கால் சொன்னது சரி. அன்றைக்குத் தரை உயரமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்து மாற்றிவிடுவார்கள், வரும் பையன் என்னிடம் திட்டு வாங்கியவன்தான். அன்று கீழே நிற்பேன், குடை இல்லாமல். உங்கள் கதவை இன்று தட்டவில்லை. அழுதுவிடுவேனோ என்று பயம், கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொன்னது நீங்கள்தான்.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தைக் காவலாளி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். அவரை மன்னிப்பதா, தேநீர் கொடுப்பதா என்று தெரியாமல் தேநீர் கொடுத்தேன். மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ உனக்கு ஒண்ணும் இல்லையா அம்மா?" என்று கேட்டான். இத்தனை மாதம் அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. அந்த அறையில் வேறு யாரையாவது தங்க வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

பிறகு கதவைப் பூட்டினேன். ஊன்றுகோலை எடுக்கவில்லை. படியில் இறங்கினேன், கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும். தெருவைக் கடந்தேன். இந்தக் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது பேருந்துகளால். உட்காரும் முன் விளம்பரப் பலகையை அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன், அந்தக் கிழவிக்கு ஒரு பல் இல்லை. மேலிருந்து அது தெரியவே இல்லை.

பெஞ்சு என்ன நிறம் என்று கேட்டிருந்தீர்கள். பச்சை. பளபளவென்று புதுப் பச்சை. பெயிண்ட் காயவில்லை, உட்கார வேண்டாம் என்று ஓரத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

அக்கா